வீட்டு மாமரத்தின் தலையை வெட்டச் சொல்கிறார்கள்: மழைக்காலத்துக்கு முன் என்ன செய்வது?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் எங்கள் வீட்டு வளாகத்தில் நிற்கும் இரண்டு பெரிய மரங்களைப் பற்றி அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். ஒன்று என் மாமனார் கொட்டை போட்டு வளர்த்த நாட்டு மாமரம். அதற்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்தபோது 250 செ.மீ. இருந்தது. மற்றொன்று வாசலில் நிற்கும் வேம்பு. அது இளைய மரம்தான் என்றாலும் அதன் தெருப்பக்கக் கிளைகள் மின்கம்பியை எட்டிவிட்டன.

மாமரம் வீட்டுக்கு வடக்கே, பக்கத்து மனையின் எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் தடித்த கிளை ஒன்று தெற்கே நீண்டு எங்கள் மொட்டை மாடிக்கு மேலே படர்ந்திருக்கிறது. ஆளுயரத்துக்குச் சற்று மேலே உள்ள கவையில் ஒரு பொந்து விழுந்து, மழை பெய்தால் அதில் நீர் நிற்கிறது. அடிமரத்தில் அங்கங்கே கறையான் மண் ஏறியிருக்கிறது. மேலே இரண்டு இடங்களில் புல்லுருவி பிடித்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் இந்த ஆண்டும் நன்றாகக் காய்த்து, சென்ற வாரம்தான் கடைசிக் காய்களைப் பறித்தோம். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் விழாமல் நின்ற சில மரங்களில் இதுவும் ஒன்று.

மரம் வெட்டுபவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். பத்தடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் தறித்துவிட்டால் மறுபடியும் தழைத்துவிடும், காற்றுக்கும் பயம் இல்லை என்கிறார். கூலி வேண்டாம், விறகை எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்கிறார். உறவினர்கள் சிலர் பொந்தைச் சிமெண்டால் அடைத்து, வெட்டிய இடங்களில் தார் பூசச் சொல்கிறார்கள். இதற்கிடையில் பக்கத்து மனைக்காரர் புதிய மதில் கட்டப் போகிறார். எல்லை நெடுகப் பொக்லைன் வைத்துப் பள்ளம் தோண்டப் போவதாகவும், தம் பக்கம் வந்துள்ள கிளைகளை நான் வெட்டாவிட்டால் தாமே வெட்டிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏதேனும் செய்தாக வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் எவ்வளவு வெட்டலாம், எப்போது வெட்டலாம், எங்கே வெட்டலாம் என்பதில் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. மரத்தை இழக்க எங்களுக்கு மனம் இல்லை. அதே சமயம் அதன் கீழ்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.


விழுது எழுதியது:

வணக்கம் சகோதரி. சென்னையில் மரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: பத்தடியில் தறிப்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அது மரத்தைப் பாதுகாப்பாக்காது. சில ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஆபத்தைப் பெரிதாக்கும்.

மரத்தின் தலையை மொட்டையடித்தால் அது உணவு தயாரிக்கும் இலை முழுவதையும் ஒரே நாளில் இழக்கிறது. சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, வெட்டிய முனைகளைச் சுற்றிப் போத்துகளை (புதுக்கிளைகளை) தள்ளுகிறது. அந்தத் தழைப்பைப் பார்த்து மரம் பிழைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இயல்பாக வளர்ந்த கிளை அடிமரத்தின் உள்ளே வரை வேரூன்றியதுபோல் பிணைந்திருக்கும். போத்தோ பட்டைக்குச் சற்று உள்ளே இருந்துதான் புறப்படுகிறது. அது தடித்துக் கனக்கும் காலத்தில், கீழே உள்ள வெட்டுமுனை உளுத்துப் போயிருக்கும். பிறகு ஒரு காற்றுக்கு அப்படியே பிய்ந்து விழும். மேலும், இத்தனை ஆண்டுகள் நிழலில் இருந்த தடித்த கிளைகளின் பட்டை திடீரென வெயிலில் காய்ந்து வெடிக்கும். மாமரத்தில் அந்த வெடிப்புகள்தாம் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடும் இடம்.

விறகுக்காகக் கூலி வாங்காமல் வெட்டுகிறேன் என்பதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். விறகுதான் கூலி என்றால், தடித்த கிளையை வெட்டுவதுதான் அவருக்கு வருமானம். உங்கள் மரத்துக்கோ தடித்த கிளையை வெட்டாமல் இருப்பதுதான் நன்மை. இந்த இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகா. நாள் கூலியைப் பணமாகக் கொடுங்கள்; விழும் மரம் உங்களுடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நகரங்களில் வீட்டு மரங்கள் அலங்கோலமாவதற்கு அறியாமையைவிட இந்தக் கூலி முறையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இனி எவ்வளவு வெட்டலாம் என்ற கேள்வி. இளமரம் ஓராண்டில் நான்கில் ஒரு பங்கு தழையை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஐம்பது வயது மரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. காய்ந்த கிளைகள் இந்தக் கணக்கில் சேரா. அவற்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவற்றுக்கு அடுத்தபடியாக ஒன்றோடொன்று உரசும் கிளைகள், பட்டையிலோ கட்டையிலோ பிளவு தெரியும் கிளைகள், புல்லுருவி பிடித்தவை என்று பாருங்கள். கூடியவரை 10 செ.மீ. குறுக்களவுக்கு மேற்பட்ட பச்சைக் கிளையை அடியோடு எடுக்க வேண்டாம். காயம் பெரிதாகப் பெரிதாக அது மூடுவதற்கு முன்பே உள்ளே மக்கத் தொடங்கிவிடும்.

மாடிக்கு மேலே நீண்டுள்ள கிளையை அடியோடு எடுக்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்தக் கிளைக்கு ஆபத்து அதன் நுனியில் உள்ள கனத்தால் வருகிறது. நுனிப் பாரம் குறைந்தால் அடியில் விழும் இழுவிசையும் குறைந்துவிடும். நுனியிலிருந்து பின்னோக்கி வந்து, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள ஒரு பக்கக்கிளை எங்கே பிரிகிறதோ அங்கே வெட்டுங்கள். அந்தப் பக்கக்கிளை நுனியின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இதற்கு நேர்மாறாக, ஏறுவதற்கு வசதியாக உட்பக்கச் சிறுகிளைகளை எல்லாம் சீவிவிட்டு நுனியில் மட்டும் தழையை விட்டுவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்படிச் செய்தால் பாரம் எல்லாம் நுனிக்கே போய், காற்றில் கிளை சாட்டையைப்போல் ஆடும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த வளையம் ஒன்று தெரியும். மேற்பக்கக் கவையில் பட்டை சுருங்கி மேடிட்டு ஒரு கோடு ஓடும். வெட்டு அந்தப் புடைப்புக்குச் சற்று வெளியே விழ வேண்டும். அடிமரத்தை ஒட்டி வழவழப்பாகச் சீவினால், காயத்தை மூட வேண்டிய திசுவையே வெட்டி எறிந்துவிடுகிறோம். கிளையின் அடிக்கட்டையை நீளமாக விட்டுவைத்தால் அது காய்ந்து, உளுத்து, உள்ளே வழி திறந்துவிடும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவைக்கிறது என்று காட்டினார். நாம் வெட்டும் இடம் அந்தச் சுவர் எழும்பும் இடத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

கனத்த கிளையை ஒரே வெட்டில் இறக்கக் கூடாது; பாதி அறுபட்டதும் கிளை சாய்ந்து, அடிமரத்தின் பட்டையை நாராக உரித்துக்கொண்டு போகும். முதலில் புடைப்பிலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்பங்கு ஆழம் அறுக்க வேண்டும். பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கயிற்றில் இறக்க வேண்டும். கடைசியாக மீதியுள்ள அடிக்கட்டையைப் புடைப்புக்கு வெளியே ரம்பத்தால் சீராக எடுக்க வேண்டும். அரிவாளால் கொத்தினால் இவை எதுவும் நடக்காது.

பொந்தைச் சிமெண்டால் அடைக்க வேண்டாம். மரம் காற்றில் வளையும், சிமெண்ட் வளையாது. இரண்டுக்கும் இடையில் விழும் சந்தில் ஈரம் தங்கி மக்குதல் கூடும். நீர் வடியட்டும் என்று அடியில் துளை போடவும் வேண்டாம், மரம் எழுப்பிய தடுப்பை அது உடைத்துவிடும். கொசு பெருகாமல் இருக்க வாயில் நுண்வலை கட்டினால் போதும். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. உட்கூடாகியும் சுற்றுக்கட்டை உறுதியாக இருந்தால் மரம் நிற்கும். ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் மாட்டெக் என்பவர் விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் ஒப்பிட்டு, ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடிப்புக்கு நல்ல கட்டை தேவை என்றார். உங்கள் மரத்தின் குறுக்களவு சுமார் 80 செ.மீ.; ஆகவே சுற்றிலும் 13 செ.மீ. அளவுக்கு உறுதியான கட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள்; கூடாக உள்ள இடம் ஒலியிலேயே தெரியும். பொந்தின் வாய் அகலமாக இருந்தாலோ, கவையின் இரு கிளைகளுக்கு நடுவே பிளவுக் கோடு இறங்கியிருந்தாலோ இந்தக் கணக்கை நம்பாமல், நேரில் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

கறையான் மண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் அது வெளிப்பட்டையின் செத்த பகுதியைத் தின்றுகொண்டிருக்கும். நான் அஞ்சுவது தூரில் தட்டுத் தட்டாக முளைக்கும் காளானுக்குத்தான். அப்படி ஏதேனும் தென்பட்டால் வேர் மக்குகிறது என்று பொருள்.


முந்திரிக்காடு எழுதியது:

வணக்கம் அம்மா. பண்ருட்டிப் பக்கம் மாவும் பலாவும் முந்திரியும் வைத்திருக்கும் விவசாயி. மேலே சொன்ன ஐயாவின் கருத்துகளில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். மா என்பதால் காலத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மாவுக்குக் கவாத்து (கிளை நறுக்குதல்) காய் பறித்த கையோடு செய்ய வேண்டியது. ஆனி, ஆடியில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் புதுத்துளிர் வந்து, மழைக்காலத்துக்குள் முற்றி, மார்கழி, தை வாக்கில் அந்த முனைகளே பூ எடுக்கும். ஐப்பசியில் மழையைக் கண்டு பயந்து வெட்டினால் பூவெடுக்க வேண்டிய முனைகள் போய்விடும். அதற்குப் பதிலாக வரும் துளிர் முற்ற நேரம் இராது. அந்த ஆண்டுக் காய்ப்பை மறந்துவிட வேண்டியதுதான். ஆடியில் காற்று பலமாக இருக்கும் என்பதால், காற்று எழும்பாத விடியற்காலையில் வேலையைத் தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் காக்கைக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குஞ்சு இருந்தால் அந்தக் கிளையைச் சில வாரங்கள் விட்டுவையுங்கள்.

தலையை வெட்டினால் தழைக்கும் என்று அந்த மரம் வெட்டுபவர் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் காய்ப்பு ஓய்ந்த பழைய மாந்தோப்புகளைப் புதுப்பிக்கப் பெருங்கிளைகளைத் தறிக்கும் முறையைப் பரப்பியிருக்கிறது. ஆனால் அது காய்க்காத தோப்பு மரத்துக்குச் சொன்னது. வெட்டிய பிறகு வெளிநோக்கிய சில போத்துகளை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும், துளைப்பான் வந்துவிடாமல் மரத்தை விடாது கவனிக்க வேண்டும், சில ஆண்டுகள் காய்ப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டும். நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும் வீட்டு மரத்துக்கு அதைச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

புல்லுருவியை மட்டும் ஒடித்தால் அது மறுபடியும் வரும், ஏனென்றால் அதன் உறிஞ்சுவேர் மரக்கிளைக்குள் இருக்கிறது. அது பிடித்த இடத்துக்கு ஓரடி கீழே, கிளையோடு சேர்த்து வெட்டி எடுங்கள். அதன் பழத்தைத் தின்னும் குருவிகள் அடுத்த கிளைக்கு விதையைக் கொண்டுபோய் ஒட்டவைத்துவிடும் என்பதால், பழுக்கும் முன்பே எடுப்பது நல்லது.

ஒரு கருத்தில் வேறுபடுகிறேன். பூச்சு தேவையா என்பதைப் பற்றி ஐயா எதுவும் சொல்லவில்லை. அவர் குறிப்பிட்ட ஷிகோ எந்தப் பூச்சும் வேண்டாம் என்ற கட்சிக்காரர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தார், பெயிண்ட் பற்றி அது சரிதான். தார் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். ஆனால் எங்கள் பகுதியில் மாவில் கட்டைவிரலுக்கு மேல் பருமனுள்ள வெட்டுகளுக்குப் போர்டோ பசை தடவுவதை நாங்கள் விடுவதில்லை. அடுத்த சில மாதங்களில் மழை கொட்டப்போகிறது. நுனிக்கருகல் பூஞ்சைக்குப் பச்சைக் காயம்தான் வாசல். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரங்களில் கரைத்து, இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் கூடாது. தீட்டிய கத்தியை அதில் சிறிது நேரம் வைத்து எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், இன்னும் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். புதிதாக வெயில் படும் தடித்த கிளைகளின் மேற்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் பட்டை வெடிக்காது.

அடிமரத்திலோ கிளையிலோ துளையும் அதன் கீழே மரத்தூளும் தென்பட்டால் உடனே வளைந்த கம்பியை விட்டுப் புழுவை இழுத்து எடுத்துவிடுங்கள். அது பல மாதங்கள் உள்ளேயே இருந்து குடையும்.

தானே புயலைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஒரு புயலில் எங்கள் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் சாய்ந்தன. சாய்ந்தவற்றில் கிளை ஒடிந்தவற்றைவிட வேரோடு பெயர்ந்தவையே என் கண்ணுக்கு அதிகமாகப் பட்டன. அதனால்தான் உங்கள் கேள்வியில் கடைசியாகச் சொன்ன அந்தப் பள்ளம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.


மனைநூல் எழுதியது:

கட்டடப் பொறியாளர் என்ற முறையில் முந்திரிக்காடு ஐயா சுட்டிக்காட்டியதைத் தொடர்கிறேன். இந்த மரத்துக்கு இந்த ஆண்டு வரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து கிளையில் இல்லை, அந்த மதில் பள்ளத்தில் இருக்கிறது.

மரத்தின் வேர் ஆணிவேராக ஆழத்தில் மட்டும் இறங்கியிருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, தழைப் பரப்பையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அடிமரத்தின் குறுக்களவைப் போல் மூன்று மடங்கு தொலைவுக்குள் தடித்த வேர்களை அறுத்தால் மரத்தின் பிடிப்பே போய்விடும் என்பது மரப் பராமரிப்பில் பொதுவாகக் கொள்ளும் எச்சரிக்கை. உங்கள் மரத்துக்கு அது 2.4 மீட்டர். எல்லையோ 2 மீட்டரில் இருக்கிறது. கட்டுமான வேலையின்போது மண்ணைக் கிளறாமல் காக்க வேண்டிய பரப்புக்குப் பிரிட்டனில் பன்னிரண்டு மடங்கு என்ற அளவை வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 9.6 மீட்டர். நம் ஊர் மனைகளில் அவ்வளவு இடம் கிடைக்காது. ஆனால் 2 மீட்டரில் பொக்லைன் வைத்து நெடும்பள்ளம் தோண்டுவது என்பது மரத்தின் ஒரு பக்கப் பிடிப்பை முழுவதுமாக அறுத்துவிடுவதாகும்.

திசையையும் பாருங்கள். வங்கக் கடலில் புயல் கரையை நெருங்கும்போது, அதற்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர்களில் முதலில் வீசுவது வடக்கத்திக் காற்று. காற்று வரும் பக்கத்து வேர்கள்தாம் இழுத்துப் பிடிக்கும். உங்கள் மரத்தில் பள்ளம் விழப்போவது வடக்குப் பக்கம். தெற்கே உங்கள் வீடு இருக்கிறது. மழையில் மண் ஊறியிருக்கும் நேரத்தில் இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களில் பலவற்றின் வேர்த்தட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: சாலையோரப் பள்ளங்களுக்காக வேர் அறுபட்டு, சுற்றிலும் சிமெண்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன.

பக்கத்து மனைக்காரர் மதிலைக் கைவிட வேண்டும் என்பதில்லை. மரத்துக்கு எதிரே உள்ள ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு மட்டும் தொடர் அடித்தளத்துக்குப் பதிலாகத் தூண் அடித்தளம் போட்டு, தரைமட்டத்துக்குச் சற்று மேலே பீம் ஓட்டி, அதன் மேல் சுவரை எழுப்பலாம். தூண் குழிகளை இயந்திரத்தால் தோண்டாமல், ஆள் வைத்துக் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் தோண்டச் சொல்லுங்கள். தடித்த வேர் குறுக்கிட்டால் குழியை ஓரடி நகர்த்தலாம். பெருவிரல் பருமனுக்குக் குறைந்த வேர்களை ரம்பத்தால் சீராக அறுத்து அன்றே மண்ணை மூடிவிட்டால் பெரிய பாதிப்பு வராது. கூடுதல் செலவு வரும். அதில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் பேச்சு எளிதில் முடியும் என்று நினைக்கிறேன். அவருக்கும் இதில் நன்மை உண்டு: பீமுக்கு அடியில் வேர் தடித்தாலும் சுவர் வெடிக்காது.

உங்கள் பக்கத்தில் மரத்தடி வரை சிமெண்ட் தளம் போட்டிருந்தால், முடிந்த அளவு பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். ஆனால் தூரைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடை கட்டாதீர்கள். அடிமரம் விரிந்து வேராகும் இடம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும்.


நீதிமன்றச் சாலை எழுதியது:

கிளையைப் பற்றிய மிரட்டலுக்குச் சுருக்கமாக விடை சொல்கிறேன். தம் மனையின் மேல் நீண்டிருக்கும் கிளையை எல்லைக்கோடு வரை வெட்டும் உரிமை பக்கத்து மனைக்காரருக்கு உண்டு. 1890களில் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை லெம்மன் எதிர் வெப் என்ற வழக்கில் இந்த உரிமையை உறுதிசெய்தது. நம் நீதிமன்றங்களும் அந்தக் கொள்கையையே ஏற்றுவந்திருக்கின்றன. ஆனால் அவர் உங்கள் மனைக்குள் நுழைந்து வெட்டக் கூடாது. எல்லையைத் தாண்டி உட்புறம் வெட்டவும் கூடாது. வெட்டிய கட்டையும் காயும் மரத்துக்கு உரியவருக்கே சொந்தம்.

எல்லைக்கோட்டில் நறுக்கப்படும் கிளைக்கு மேலே சொன்ன புடைப்பு வளையம் எதுவும் கிடைக்காது என்பதால், அவர் வெட்டும் முன் நீங்களே உங்கள் பக்கத்திலிருந்து முறையாக வெட்டிக் கொடுத்துவிடுவது மரத்துக்கு நல்லது. மற்றொன்று: மரத்தில் ஆபத்து இருப்பது தெரிந்தும் எதுவும் செய்யாமல் இருந்து, அது விழுந்து சேதம் நேர்ந்தால் பொறுப்பு உங்கள் மேல் வரும். ஆகவே யாரைக் கொண்டு சோதித்தீர்கள், என்ன செய்தீர்கள் என்பதை நாளிட்டு எழுதி, நிழற்படத்தோடு வைத்திருங்கள். மதில் பற்றிய பேச்சையும் வாய்ச்சொல்லோடு விடாமல் ஒரு கடிதமாகக் கொடுத்துவிடுங்கள். பள்ளத்தால் மரம் நிலைகுலையும் என்று அவருக்கு எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்திருப்பது பின்னால் உங்களுக்குத் துணை நிற்கும்.


கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கிளையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு வேரைப் பார்க்கச் சொன்னது பெரிய உதவி. பக்கத்து மனைக்காரரிடம் பேசினேன். தூண் அடித்தளத்துக்கு அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், செலவைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னதும் தம் கொத்தனாரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறி, இயந்திரத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார். விறகுக்கு வெட்ட வந்தவரை அனுப்பிவிட்டு, கயிறு கட்டி இறக்கத் தெரிந்த வேறு இருவரை நாள் கூலிக்குப் பேசியிருக்கிறேன். மரச்சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் பொந்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு மட்டும் ஒலி மாறுகிறது. பிளவு எதுவும் தெரியவில்லை.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. மேலே ஏறி வேலை செய்பவரைக் கீழே நிற்கும் நான் எப்படிச் சரிபார்ப்பது? வேம்பை என்ன செய்வது? சென்ற ஆண்டு கார்த்திகையில் அதன் நுனிகள் எல்லாம் தீய்ந்தாற்போல் காய்ந்து, பிறகு பங்குனியில் தளிர்த்துவிட்டது.


விழுது எழுதியது:

வேம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருகல் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தென்பட்டது. தேயிலைக் கொசு என்னும் பூச்சி இளந்தண்டில் சாறு உறிஞ்சுவதும், அதைத் தொடர்ந்து நுனிக்கருகல் பூஞ்சை இறங்குவதும் அதற்குக் காரணம். மரம் செத்துவிட்டது என்று எண்ணி வெட்டிச் சாய்த்தவர்கள் பலர். பெரும்பாலான மரங்கள் உங்கள் மரத்தைப் போலவே மறுபடியும் தளிர்த்தன. காய்ந்த நுனிகளைக் கோடையில் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். மின்கம்பியின் அருகில் உள்ள கிளைகளை நீங்களோ உங்கள் ஆட்களோ தொடவே கூடாது. பச்சைக் கிளையிலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும். உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகு அவர்கள் முன்னிலையில்தான் வெட்ட வேண்டும். அப்போதும் கம்பிப் பக்கத்தை மட்டும் சுவர் எழுப்பியதுபோல் நறுக்கிவிடாமல், கம்பியை நோக்கிப் போகும் கிளைகளை அவை பிரியும் இடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் புதராகப் போத்து கிளம்பாது.

சரிபார்ப்பதற்கு, வேலை தொடங்கும் முன் எடுக்க வேண்டிய கிளைகளில் வண்ணத் துணி கட்டிவிடுங்கள். கட்டியவை எவை என்று கீழிருந்தே நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். துணி இல்லாத கிளையில் ரம்பம் படக் கூடாது என்பதே உடன்பாடு. முதல் கிளை இறங்கியதும் வேலையை நிறுத்தச் சொல்லி, வெட்டுமுகத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது வட்டமாக, பட்டை கிழியாமல், புடைப்பு வளையம் முழுதாக இருந்தால் மேற்கொண்டு செய்யலாம். நீள்வட்டமாக அடிமரத்தை ஒட்டிச் சீவியிருந்தால் அங்கேயே திருத்துங்கள். மாம்பால் தோலில் பட்டால் பொத்துவிடும், முசிறு எறும்பும் இருக்கும். முழுக்கைச் சட்டையும் தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

போர்டோ பசையைப் பற்றி முந்திரிக்காடு ஐயா சொன்னதை மாமரத்துக்கு ஏற்றுக்கொள்கிறேன். மழைக்கு முன் வெட்டும் சிறு காயங்களில் அது சில மாதங்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும். பெரிய காயத்துக்குள் பல ஆண்டுகளில் நடக்கும் மக்குதலை அது நிறுத்தாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். ஆகவே வெட்டைச் சிறியதாக வைத்திருப்பதையே நம்புங்கள்.

வேலை முடிந்த பிறகு தழைக்குக் கீழே உள்ள பரப்பில் 50 கிலோ மட்கிய தொழு உரத்தைக் கிளறாமல் பரப்பி, உதிர்ந்த இலைகளால் மூன்று விரல் தடிப்புக்கு மூடாக்குப் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். மாடிக்கிளையின் நுனியில் குறைக்க வேண்டியதில் பாதியை இந்த ஆடியில் எடுங்கள், மீதியை அடுத்த ஆண்டு காய் பறித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் வடக்குப் பக்க மண்ணில் வளைவாக வெடிப்பு ஓடியிருக்கிறதா, தூர் சற்றேனும் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதேனும் தெரிந்தால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், உடனே இங்கே படத்தோடு எழுதுங்கள்.